சாக மறந்த செல்கள்

மலையில் மிளகு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் என் குரல் முதலில் கம்மியது. திருப்புலி நாடு என்கிற மலைப்பகுதியில், மிளகு காயும் ஒரு களத்தில் நின்று விலை சொன்னேன். எதிரில் இருந்தவருக்கே கேட்கவில்லை. பனிதான் காரணம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தே மூன்று மாதம் போக்கினேன். இந்த நோயோடு இதைப் படிப்பவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மலையடியில் இருக்கும் எங்கள் ஊர் காரவள்ளியிலிருந்து மனைவி ஜைத்தூன் என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். கதிர் சிகிச்சை என்று முடிவாயிற்று.

கதிர் பட்டால் கட்டி வெந்துபோகுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அப்படியில்லை என்றார். திருத்த முடியாதபடி பழுதான செல், தானே அடங்கிச் செத்துவிடும் ஏற்பாடு உடம்பில் இருக்கிறதாம். அதற்குப் பெயர் அபோப்டோசிஸ் (திட்டமிட்ட செல் இறப்பு). புற்றுநோய்ச் செல் சாக மறந்தது. கதிர் அதன் உள்ளிருக்கும் மரபிழைகளை அறுக்கும். பழைய ஏற்பாடு கொஞ்சமாவது மிச்சமிருந்தால் அது விழித்துக்கொள்ளும்.

"விழிக்கலீனா?"

"சில செல் விழிக்காதுங்க. அதுதான் திரும்ப வரும்," என்றார்.

பக்கத்துக் கட்டிலில் குண்டனி நாட்டு வெள்ளையன் இருந்தார். மரவள்ளி போடுகிறவர். அவருக்கும் அதே இடம், அதே சிகிச்சை. டாக்டரம்மா சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். சொல்லும்போது இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன். சாகச் சொன்னால் அதெல்லாம் பேச்சுக் கேட்டுச் செத்துவிடும் என்றேன்.

சிகிச்சை ஆறு வாரத்துக்கு மேல் போயிற்று. கழுத்துத் தோல் கருகி உரிந்தது. எச்சில் வற்றியது. நல்ல செல்களும் சேர்ந்தே செத்தன. கஞ்சி இறங்குவதே கண்ணாடித்தூள் இறங்குவதுபோல் இருந்தது. ஆளுக்கொரு டம்ளர் கஞ்சியை வைத்துக்கொண்டு யார் முதலில் முடிப்பது என்று பார்த்துக்கொள்வோம். பெரும்பாலும் அவர்தான் முடிப்பார்.

எனக்குக் கட்டி கரைந்தது. நான்கு மாதத்தில் அவருக்குத் திரும்பி வந்தது. குரல்வளையை எடுத்தாலும் பயனில்லாதபடி நுரையீரல்வரை பரவியிருந்தது.

குண்டனிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தார். காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"என்னோடது பேச்சுக் கேக்கலீங்க, பாய்."

தன் பிள்ளை செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பவர்போலச் சொன்னார். உங்கள் மேல் தவறில்லை என்றேன். என் குரல் தேறிவிட்டிருந்தது, தெளிவாகவே கேட்டது. அது எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து நாளில் இறந்துபோனார்.

பிழைத்தவன் நல்லவனும் அல்ல, போனவர் தோற்றவரும் அல்ல. செல்லுக்கு அதெல்லாம் தெரியாது. இதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அதன்பின் எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை. டாக்டரம்மா குட்டிக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்ப்பார். அடுத்த சோதனைக்கு அப்பால் நான் எதையும் யோசிப்பதில்லை. என் உடம்புக்குள் இந்த நொடியில் எது சாகிறது, எது சாக மறுக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்த உடம்பை வாடகைக்குக் குடியிருப்பவன்போலத் தொட்டுப் பார்ப்பேன்.

ஐந்தாம் வருடம், இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்றார். திரும்பும் பஸ்ஸில் ஜைத்தூன் கேட்டாள்:

"அடுத்த ரம்ஜானுக்கு அப்புறம் மக கல்யாணத்தை வெச்சுக்கலாமாங்க?"

ரம்ஜானுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது. அவ்வளவு தூரத்தை ஒரே மூச்சில் எப்படி நினைப்பது என்று தெரியவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.