காஜாக்காவுக்கு மட்டும் ஆஸ்பிரின்

தையல் கம்பெனியில் சட்டைக்குக் காஜா, அதாவது பொத்தான் நுழையும் ஓட்டை, போடும் மிஷினில் அவளுக்கு வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. ரத்தக் கொதிப்பு ஏறி, வேலை நேரத்திலேயே வலிப்பு வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது வயிறு காலி.

மறுபடி உண்டானபோது சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. அதே வீட்டில் நாத்தனாரும் முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதத்தில் இருவரும் ஒன்றாகவே டாக்டரம்மாவிடம் போனார்கள். காஜாக்காவுக்கு மட்டும் ஆஸ்பிரின் எழுதினார் அவர்.

நாத்தனார் விடவில்லை. “எனக்கு ஏன் இல்ல? நானும் மாசமாத்தானே இருக்கேன்?”

“இது சத்து மாத்திரை இல்லம்மா. அண்ணிக்குப் போன தடவை பிரஷர் ஏறுச்சு, மறுபடி ஏற வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்கத்தான் இது. உனக்கு அப்படி எதுவும் இல்லையே. அப்புறம் எதுக்கு?” என்ற டாக்டரம்மா, காஜாக்காவின் எடையைப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டா போடுங்க,” என்றார்.

“லோடுக்குத் தகுந்த டீசல்,” என்றான் கூட வந்திருந்த காஜாக்காவின் கணவன், லாரி டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

மாதங்கள் நகர்ந்தன. வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றக்கூடக் குனிய முடியாது. ஒரு மாலை மாத்திரையைத் தள்ளி வைத்தாள்.

“போதும்ங்க. போன தடவையும் ஏழாம் மாசம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு.”

கணவன் மாத்திரையை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினான். நாத்தனார்தான் வயிற்றைத் தாங்கியபடி தண்ணீரோடு வந்தாள். “முழுங்குங்க அண்ணி. நான் கேட்டும் கிடைக்காதது. வீணாக்குனா எனக்கு வயிறு எரியும்.”

அலுப்போடு விழுங்கினாள்.

ஏழாம் மாதம் தாண்டியது. எட்டும் தாண்டியது. ஒன்பதில் பிரஷர் ஏறியே விட்டது. உடனே சேர்த்து, மருந்து ஏற்றி, வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை. எடை குறைவு, ஆனால் பிறந்ததுமே வீறிட்டு அழுதது.

“மாத்திரைதான் காப்பாத்துச்சா டாக்டர்?” என்று கணவன் கேட்டான்.

“அது இல்லன்னா முன்னாடியே ஏறியிருக்கலாம். ஏறாமலும் இருந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா. பிரஷர் இன்னும் இறங்கல, அவங்க சில நாள் இங்கேயே இருக்கட்டும்.”

காஜாக்கா படுத்தபடியே அதைக் கேட்டாள். நாத்தனார் தன் நிறைமாத வயிற்றோடு குழந்தையை அருகில் கொண்டுவந்து, “யார் ஜாடைன்னு பாருங்க அண்ணி,” என்றாள்.

“இங்கேயே படுக்க வைம்மா. தூங்கி எழுந்து பாக்கறேன்,” என்றவள், குழந்தையின் காலைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.