என் முதுகு மறைத்த நம்பர்

அந்த வீடியோவில் நான் இருக்கிறேன், முகம்தான் இல்லை. வெளுத்துப்போன பச்சைச் சேலை, முதுகு, மேலும் கீழும் போய்வரும் வலது முழங்கை. நான் வருகிற இடம் கால் நிமிஷம்கூட ஓடாது. தாராவியில் எங்கள் சந்தில் எல்லார் போனிலும் அது கிடக்கிறது. எலெக்‌ஷனுக்கு முன்னால் எடுத்தது.

அதில் நான் எங்கள் வீட்டுக் கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு இரண்டு மாதம் முந்தி வீடு அளக்கிறவர்கள் வந்தார்கள். இங்கே எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் பெரிய கட்டிடம் கட்டப்போகிறார்கள், யாருக்கு எந்த ரூம் என்று கணக்கெடுக்கிறார்கள் என்று பேச்சு. மகள் ஐரோலிக்கு வேலைக்குப் போயிருந்தாள். நான் கதவைப் பாதி திறந்து, காகிதங்களை அந்த இடுக்கு வழியாகவே நீட்டினேன். அவர்கள் மராத்தியில் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன். பார்த்துவிட்டுக் காகிதங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவர் சிவப்பு பெயிண்டில் கதவில் நம்பர் எழுதினார். அவர்கள் சந்து முனை திரும்பின பிறகுதான் வெளியே வந்து பார்த்தேன். பார்த்தேனே தவிர மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. கதவில் இருக்கிற நம்பர் எங்கே போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு எலெக்‌ஷன் வந்தது. நம்பர் விழுந்த வீட்டுக்காரர்களை எல்லாம் தூரத்தில் மான்குர்த் பக்கம் தள்ளிவிடப்போகிறார்கள் என்று ஒரு பயம் சந்துக்குள் நுழைந்திருந்தது. எங்கள் பகுதியில் ஓட்டுக்கு நின்றவர் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, தான் ஜெயித்தால் ஒரு செங்கல்லைத் தொட விடமாட்டேன் என்று சொன்னார். அவருடைய ஆட்கள், எல்லாரும் ஒரே நாளில் நம்பரை அழியுங்கள், நாடே பார்க்கட்டும் என்றார்கள். நாங்களும் செய்தோம். எதிர்வீட்டுக்காரி ஒரு கை சுண்ணாம்பு இழுத்துவிட்டாள். மற்றவர்கள் நம்பர் மேலேயே அவருடைய போஸ்டரை ஒட்டினார்கள்.

நான் மண்ணெண்ணெயும் சோப்புப் பவுடரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷமாக மாட்டுங்காவில் தமிழ்க்காரர் வீட்டு அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்த கை. அதற்குப் பாதி வேலை தெரியாது. சிவப்பு போன பிறகும் அதன் சாயல் தெரிந்தது. சாயலையும் விடவில்லை.

போனில் படம் எடுத்த கட்சிக்காரர், பாட்டி இந்தப் பக்கம் பாருங்க, முகம் தெரியணும் என்று இரண்டு தடவை சொன்னார். எதிர்வீட்டுக்காரி சத்தமாக, "மதினி, பொண்ணு பாக்கவா வந்திருக்காவ? ஒரு வாட்டி திரும்புனா என்ன?" என்றாள். சந்தே சிரித்தது. நான் இன்னும் கொஞ்சம் கதவோடு ஒட்டிக்கொண்டேன்.

கும்பிட்டுப் போனவர் தோற்றுவிட்டார்.

ஓட்டு எண்ணுகிற அன்றைக்கு மத்தியானம் மெயின் ரோட்டுப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் சந்தில் ஒருத்தரும் வெளியே வரவில்லை. டீவியையும் ஒவ்வொரு வீடாக அணைத்துவிட்டார்கள். சாயங்காலம் மகள் வந்து செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். இனி வேலை வேகமாக நடக்குமாம், பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம். கதவு நம்பரும் காகிதமும் கொண்டுவந்து காட்டச் சொல்லி ஆபீஸ் போடப்போகிறார்களாம், நம்பர் இல்லாவிட்டால் மாற்று ரூம் கிடையாதாம்.

"யம்மா, நம்ம நம்பர் என்ன?"

"மூணுல ஆரம்பிச்சுதுட்டி," என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல, எட்டோ," என்றேன்.

அவள் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டுக்காரி ஒரு ரூபாய்த் துட்டால் சுண்ணாம்பைச் சுரண்டினாள். உள்ளேயிருந்து சிவப்பு முழுசாக வந்தது. மற்ற வீடுகளில் போஸ்டர் மேல் தண்ணீர் அடித்து உரித்தார்கள். மத்தியானத்துக்குள் எல்லாக் கதவிலும் நம்பர் திரும்பிவிட்டது. எங்கள் கதவு மட்டும் கழுவி வைத்த தாம்பாளம் மாதிரி பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீடுகளை வைத்துக் கண்டுபிடிக்கலாமா என்று மகள் பார்த்தாள். அளக்கிறவர்கள் இரண்டு நாள், சந்தின் இரண்டு முனையிலிருந்து வந்தவர்கள். வரிசை எங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் குழம்பியிருந்தது.

இந்த ஒரு ரூமை விட்டால் எங்களுக்கு வேறொன்றும் கிடையாது. மகளைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. இந்தத் தீபாவளியோடு மாட்டுங்கா வேலையை விட்டுவிடலாம், மேலே பலகை போட்டு விட்டிருக்கிற மாடி வாடகையில் வீட்டுச் செலவை ஓட்டலாம், மகள் சம்பளத்தில் மிஞ்சுவதைச் சேர்த்து அவள் ஒரு தையல் மெஷின் வாங்கி வாசலிலேயே போடலாம் என்று யோசித்து வைத்திருந்தோம். மெஷினை எந்த மூலையில் வைப்பது என்பது வரைக்கும் பேசியிருந்தோம். எலெக்‌ஷன் முடிந்த மூன்றாம் வாரம் மாடியில் குடியிருந்தவர் அம்பர்நாத்தில் தம்பியோடு போய் இருக்கிறேன், இங்கே எப்போது இடிப்பார்களோ என்று சொல்லிக் காலி செய்தார். அந்த இடத்துக்கு அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. மேலே ஆளில்லை என்று தெரிந்தும் மரப்பலகை அமுங்குகிற சத்தத்துக்கு அண்ணாந்து பார்ப்பேன்.

எனக்கு நம்பராகவே வர ஆரம்பித்தது. மாட்டுங்காவுக்கு நடந்துபோகிற வழியில் பஸ் நம்பர், கடை ஷட்டர் நம்பர், மின்சாரப் பெட்டி நம்பர். எதைப் பார்த்தாலும் இதுதானோ என்று தோன்றும். பாத்திரம் தேய்க்கும்போது கரியில் எட்டு தெரியும். கை நின்றுவிடும். அந்த வீட்டம்மா, என்ன பாட்டி உடம்புக்கு முடியலையா என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

வீடியோ ஞாபகம் மகளுக்குத்தான் வந்தது. அதில் நம்பர் இருக்குமே என்று ஆசையாகப் போட்டாள். சந்தில் உள்ள மற்ற பெண்கள் எல்லாம் திரும்பிச் சிரிக்கிறார்கள், அவர்கள் பின்னால் கதவும் நம்பரும் தெளிவாகத் தெரிகின்றன. எங்கள் வீடு வரும்போது கதவு முழுக்க என் முதுகு. முழங்கை மேலே போகிற ஒரு கணம் அக்குளுக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு தெரியும். அது ஒன்றா, ஏழின் காலா என்று சொல்ல முடியாது. அடுத்த கணம் அதையும் என் கையே தேய்த்துவிடுகிறது. மகள் திரும்பத் திரும்பப் போட்டாள். திரும்பு, திரும்பு என்று நான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் லீவு போட்டு என்னை அந்த ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். வரிசையில் நின்று உட்கார்ந்து எங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிட்டது. மேஜைக்காரர் காகிதங்களைப் பார்த்தார், பட்டியலில் பேர் இல்லை, நம்பர்தான் இருக்கிறது என்று நம்பர் கேட்டார். மகள் இந்தியில் நடந்ததைச் சொல்லி வீடியோவைக் காட்டினாள். அவர் இரண்டு தடவை பார்த்தார். இந்த வீட்டில் அளக்க வந்தார்கள், நம்பர் இருந்தது, அதை இந்த அம்மாதான் அழித்தார் என்பது எப்படித் தெரியும் என்றார். முகமே இல்லையே, யாரோ ஒரு பெண்ணின் முதுகுதானே என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு வெளியாட்களோடு பேசிப் பழக்கமில்லை. வாயைத் திறந்தாலும் இந்தி வந்திருக்காது. நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன். முந்தானையை வீடியோவில் இருக்கிற மாதிரி இடுப்பில் செருகினேன். வலது கையைத் தூக்கி, கதவு இருப்பதுபோல வைத்துக்கொண்டு தேய்த்தேன். எதிரே வரிசையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பு நின்றது.

பின்னால் பேனா ஓடுகிற சத்தம்.

"போதும்மா, திரும்பு," என்றாள் மகள்.

மனுவாக எழுதிக்கொண்டார்கள். நேரில் வந்து பார்ப்பார்கள், வரும்போது வீடு பூட்டியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார்கள். எப்போது என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து நான் வீட்டைப் பூட்டவில்லை. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள், இன்னொரு வீட்டுக்கு நானே சொல்லி அனுப்பிவிட்டேன். மகள் சம்பளத்தில் ஓடுகிறது. தையல் மெஷின் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. போன வாரம் அவள் ஈரத்துணியோடு கதவைத் துடைக்க வந்தாள். தொடாதே என்று கையைப் பிடித்துவிட்டேன். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும்.

காலையில் அவள் பஸ்ஸுக்குப் போனதும் வாசல்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். கதவுக்கு முதுகைக் கொடுத்து, சந்தைப் பார்த்து. போகிறவர் வருகிறவர் எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டில் சில சமயம் அந்த வீடியோ ஓடுகிற சத்தம் கேட்கும். பாட்டி, இந்தப் பக்கம் பாருங்க என்று அந்தக் கட்சிக்காரர் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் நான் நிமிர்ந்து பார்த்துவிடுகிறேன்.