உள்ளே இல்லாத சரோஜா

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, மொட்டை மாடியில் நின்று நானும் சரோஜாவும் புகையை வேடிக்கை பார்த்தோம். வெட்கக்கேடுதான்... ஆனால் அப்படித்தான் ஆரம்பித்தது.

சரோஜா எங்கள் மாடி வீட்டில் குடியிருப்பவள். ஓசூர் தொழிற்பேட்டையில், மெத்தைக்கு ஃபோம் செய்யும் கம்பெனியில் பேக்கிங் வேலை. அன்றைக்கு மகள் பள்ளிக்கூடத்தில் பேரண்ட்ஸ் மீட்டிங். அதை முடித்துவிட்டு வந்து துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"லீவு போட்டுட்டியா?" என்றேன்.

"லீவா? அதெல்லாம் எங்கக்கா தர்றாங்க! காலையிலயே மஞ்சுளாகிட்ட என் கார்டைக் குடுத்துட்டேன். அவளுதோட சேத்து என்னுதையும் மெஷின்ல தேய்ச்சிருப்பா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பூந்துக்குவேன். வாட்ச்மேன் எங்க உத்தனப்பள்ளிக்காரருதான்."

விரல் வைக்கிற மெஷின் ரிப்பேராகி ஒரு வாரமாம். அதனால் கார்டு. மஞ்சுளா அவளோடு ஒரே டேபிளில் பேக்கிங் செய்பவள். இன்றைக்கு இவளுக்கு அவள், நாளைக்கு அவளுக்கு இவள். நான் சிரித்தேன். "கெட்டிக்காரிதான் போ" என்று பாராட்டவும் செய்தேன். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் புகை. கன்னங்கரேலென்று, மேலே போகப் போக அகலமாகி...

"அக்கா, அது எங்க கம்பெனி பக்கம்க்கா" என்றாள் சரோஜா.

மஞ்சுளாவுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லார் போனும் கேட்டிலேயே லாக்கரில் கிடக்குமே, யார் எடுப்பது? ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் "மஞ்சுளா, மஞ்சுளா" என்று புலம்பிக்கொண்டே வந்தாள்.

கம்பெனிக்கு எதிரே ரோட்டில் கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஊரே நிற்கிறது. ஒருவர் தெலுங்கில் உள்ளே யாருமே இல்லை என்கிறார். இன்னொருவர் கன்னடத்தில் இரண்டு பேர் என்கிறார். பக்கத்துக் கம்பெனி வடநாட்டுப் பையன்கள் இந்தியில் ஐந்து விரலைக் காட்டுகிறார்கள். எதை நம்புவது? ஓசூரில் நான்கு மொழியும் அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதில் இருக்கிற தொல்லை இது... நான்கு வதந்தியும் புரிந்துவிடும்.

இதில் எனக்கு இன்னொரு குழப்பம். இரண்டு தீயணைப்பு வண்டிகள் நின்றன. ஒன்று எரிகிற ஷெட்டின் மேல் தண்ணீர் அடித்தது. சரி. மற்றொன்று, எரியாமல் சமர்த்தாக நிற்கும் பக்கத்து ஷெட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது!

"எரியற இடத்தை விட்டுட்டு எங்கே அடிக்கிறாங்க பாருங்க!" என்று பொங்கிவிட்டேன். எங்கள் தெருவுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரி டிரைவர் ஒருவர் பக்கத்தில் நின்றார். தீயணைப்பு வண்டிக்கு ஒரு லோடு கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அந்த ஷெட்டுல டிரம் டிரம்மா கெமிக்கல் இருக்குதும்மா. அது சூடாச்சுன்னா நாம இங்க நின்னு பேசிட்டிருக்க மாட்டோம்" என்றார்.

நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவரே தொடர்ந்தார்.

"வந்து எறங்கினதும் ஆபீசர் கேட்ட மொத கேள்வியே, உள்ள எத்தனை பேருன்னுதான். கார்டு மெஷின் லிஸ்ட்டை வெச்சு ஆளுங்களை எண்ணிப் பாத்தாங்க. ஒரு பொண்ணு கொறையுது. அதுக்குத்தான் அதோ, அந்த ரெண்டு ஃபயர்காரங்களும் இப்ப உள்ள போறாங்க."

முதுகில் சிலிண்டர், முகத்தில் மாஸ்க், இடுப்பில் கயிறு. வாசலில் ஒருவர் ஒரு பலகையில் எழுதிக்கொண்டார்... யார் போகிறார், எத்தனை மணிக்கு, சிலிண்டரில் எவ்வளவு காற்று. எழுதி முடித்த பிறகுதான் விட்டார். இருவரும் புகைக்குள் போனார்கள்.

சரோஜா தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். "அய்யோ, யாரு பெத்த புள்ளையோ... முருகா, காப்பாத்துப்பா!"

"பேரு கூட என்னமோ சரோஜாவாம்" என்றார் டிரைவர்.

அவள் அழுகை உடனே நிற்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதுகொண்டே யோசித்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"எங்க கம்பெனில வேற சரோஜா இல்லையேக்கா."

"சொல்லிடலாம் வா" என்று நான் இழுத்திருக்க வேண்டுமா இல்லையா? இழுக்கவில்லை. "சொன்னா மஞ்சுளாவுக்கு வேலை போயிடும்க்கா, எனக்கும் போயிடும்" என்றாள் அவள். நானும் நின்று யோசித்தேன். போலீஸ் கேஸ் ஆகுமோ? பேப்பரில் வருமோ? என்னவெல்லாமோ யோசித்தேன், உள்ளே போன அந்த இரண்டு பேரைத் தவிர.

உள்ளே ஏதோ சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. கூரைத் தகடு.

சரோஜா கயிற்றுக்குக் கீழே குனிந்து ஓடினாள். நானும் ஓடினேன்.

"சார்! நான்தான் சார் சரோஜா!"

ஆபீசர் திரும்பினார். "நீங்க அந்தப் பொண்ணுக்கு அக்காவாம்மா?"

"அக்கா இல்ல சார், நானேதான்!"

"அதிர்ச்சில இருக்காங்க, ஓரமா உக்கார வைங்க" என்றார் என்னிடம்.

"உள்ள யாரும் இல்ல சார், நான் இன்னைக்கு வேலைக்கே வரலை!"

"கம்பெனி கார்டு எங்கே?"

கார்டு எங்கே இருக்கும்? கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற தொழிலாளிகளைச் சரோஜா பார்த்தாள். கூட்டத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். மஞ்சுளா. முகமெல்லாம் கரி. ஏப்ரன் பாக்கெட்டில் கையை விட்டு இரண்டு கார்டை எடுத்து நீட்டினாள்.

ஆபீசர் போட்டோவைப் பார்த்தார், சரோஜாவைப் பார்த்தார். வாக்கி டாக்கியில் "ரெண்டு பேரும் உடனே வெளிய வாங்க" என்று கத்தினார்.

ஒருவர் வந்தார். பலகைக்காரர் ஒரு டிக் அடித்தார். இன்னொருவர் வரவில்லை. மஞ்சுளா என் தோளில் சாய்ந்து, "பேரு கூப்பிட்டப்பவே சொல்ல வாயைத் தொறந்தேன்க்கா, சத்தமே வரலை" என்றாள். சரோஜா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கயிறு அசைந்தது... அவரும் வந்துவிட்டார்.

தரையில் உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றினார். சிங்காரப்பேட்டைக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா கிடைச்சுட்டாங்களா?"

பிறகு, "ஒண்ணுமே தெரியலை சார். தடவித் தடவிப் போனேன். கை மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுச்சு. இழுத்தா... ஃபோம் துண்டு" என்றார்.

சரோஜா அவருக்கு எதிரில் கைகூப்பி நின்றாள். "நான்தாங்க அது" என்றாள்.

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "நல்லவேளைம்மா" என்றார். குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

திட்டியிருக்கலாம் மனிதர். திட்டியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

கிருஷ்ணகிரியிலிருந்தும் எல்லை தாண்டிக் கர்நாடகத்திலிருந்தும் வண்டிகள் வந்து, சாயங்காலம் தீ அடங்கியது. என் குழப்பம்தான் அடங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது? அரை நாள் லீவு கொடுக்காத கம்பெனி மேலா? ரிப்பேரான மெஷினைக் கிடப்பில் போட்டவர் மேலா? சிநேகிதிக்கு உதவிய மஞ்சுளா மேலா? கெட்டிக்காரி என்று மெச்சினேனே, என் மேலா? காலேஜில் என் தோழி வசந்தாவுக்காக ஒரு டெர்ம் முழுக்க "உள்ளேன் ஐயா" சொன்னவள் நான். அதற்குப் பெயர் உதவி என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

எரிந்த கம்பெனியை இன்னும் திறக்கவில்லை. சரோஜா வேறு கம்பெனிக்குப் போகிறாள். இந்தத் திங்கட்கிழமை மாடிப்படியில் நின்று, அங்கே புதிதாய்ப் பழகிய ஒருத்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"கார்டெல்லாம் என்கிட்ட குடுக்காத கண்ணு. நீ உள்ள இல்லைன்னா, உன்னைத் தேடி ஒருத்தரு உள்ள போவாரு."