அம்மா திரையை மாற்றிய வெள்ளிக்கிழமை

திரைக் கண்ணாடிக்கு அருகே கையைக் கொண்டுபோனால் கையிலுள்ள மயிரெல்லாம் எழுந்து நிற்கும். சூடான தூசியின் வாடை லேசாக மூக்கில் ஏறும். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், பாதி மேசையை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரை நான் முதலில் அறிந்தது அப்படித்தான். குவைத்தில் வேலை பார்த்த எங்கள் அத்தா, அதாவது அப்பா, வெள்ளிக்கிழமைதோறும் எங்களைப் பார்த்துப் பேசுவதற்கென்றே, அம்மாவின் தம்பியான சலீம் மாமாவிடம் சொல்லி அதை வாங்க வைத்திருந்தார். வீட்டில் அதற்குப் பெயர் "பொட்டி".

அம்மா பகலெல்லாம் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுவார். அதனால் மாலையில் சிறிய எழுத்தெல்லாம் அவருக்குக் கலங்கித் தெரியும். அத்தாவின் மெயிலைப் படிக்கத் திரை அமைப்புக்குள் போய் எல்லாவற்றையும் பெரிதாக்கிக்கொள்வார். என் பாடத்துக்கு உட்காரும்போது நான் மறுபடி சிறிதாக்குவேன். ஒவ்வொரு முறையும் பொட்டிக்குள் "டொக்" என்று கேட்கும், திரை ஒரு கணம் கருத்துப்போய் மீண்டும் வரும். ஒருநாள் அந்தச் சத்தத்தைக் கேட்ட மாமா, இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் "டியூப்பு" போய்விடும் என்று எச்சரித்தார். அன்றோடு அம்மா நிறுத்திவிட்டார். சிறிய எழுத்திலேயே, மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார். நான் பெரிதாக்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அத்தாவுக்கு அங்கே வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. போனில் நன்றாக இருப்பதாகத்தான் சொன்னார். ஆனால் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அம்மா நம்பவில்லை. ஆளைக் கண்ணால் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அத்தாவோடு அறையில் தங்கியிருந்தவர், வருகிற வெள்ளிக்கிழமை மாலை அவரைக் கேமரா முன்னால் உட்கார வைப்பதாக மெயில் அனுப்பியிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளி விட்டு வந்தபோது அம்மா இருண்ட திரைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அத்தாவின் முகம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில், அத்தனை நாளும் தொடாத அமைப்பைத் தொட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த வேறெதையோ மாற்றிவிட, படம் போய்விட்டது. பதறிப்போய் மேலும் எதையெதையோ அழுத்தியிருக்கிறார். அணைத்துப் போட்டுப் பார்த்தும் வரவில்லை.

"உங்க மாமா சொன்ன மாரியே ஆயிடுச்சு. நானே கெடுத்துட்டேன்" என்றார். நான் பார்த்து அம்மா அழுதது அன்றுதான்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்ச் தெருவுக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்த மேரி அக்காவிடம்தான் நான் லீவில் டைப்பிங் கற்றிருந்தேன். விஷயத்தைச் சொன்னதும், வகுப்பை அப்படியே விட்டுவிட்டு மொபெட்டில் என் பின்னாலேயே வந்தார். மானிட்டரின் அடியில் மினுக்கிக்கொண்டிருந்த சிறு விளக்கைப் பார்த்தார். கம்ப்யூட்டரை அணைத்து, மறுபடி போடும்போது கீபோர்டில் ஒரு பொத்தானை விடாமல் தட்டினார். கொஞ்ச நேரத்தில், கோணல்மாணலான பெரிய எழுத்துகளோடு திரை பளிச்சென்று வந்தது. அமைப்புக்குள் போய் எதையோ திருத்தினார். "டொக்". எல்லாம் பழையபடி ஆனது.

"மானிட்டர் கெடலக்கா. அதால காட்ட முடியாத வேகத்துல படத்தக் காட்டச் சொல்லியிருக்கீங்க. முடியாதுன்னு கண்ண மூடிக்கிச்சு, அவ்வளோதான்" என்று அம்மாவிடம் சொன்னார் மேரி அக்கா.

"அடிக்கடி மாத்தினா டியூப்பு போயிடும்னு தம்பி சொன்னுச்சே?"

ரொம்பப் பழைய மானிட்டர்களில் அந்த வேகத்தைத் தாறுமாறாக வைத்தால் கெட்டுப்போனது உண்டு, இது தன்னைத் தானே காத்துக்கொள்ளும், அந்தச் சத்தமும் உள்ளே ஒரு சுவிட்சு மாறுகிற சத்தம்தான் என்று மேரி அக்கா விளக்கினார். பிறகு அம்மாவின் தோளைத் தொட்டு, "நீங்க எழுத்தப் பெருசாக்கறதால ஒண்ணும் ஆவாது. தெனமும் மாத்துங்க" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக எழுத்தைப் பெரிதாக்கினார்.

சொன்ன நேரத்துக்கு அத்தா திரையில் வந்தார். படம் விட்டுவிட்டுத்தான் நகர்ந்தது. ஆனாலும் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழுந்து, கதவு வரைக்கும் நடந்து காட்டிவிட்டு, திரும்பி வந்து சிரித்தார். அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை உற்றுப் பார்த்தார். பிறகு, "சட்ட தொளதொளன்னு ஆயிடுச்சு. சாப்புடறீங்களா இல்லியா?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

அந்த மானிட்டர் அதற்கப்புறமும் பல வருஷம் உழைத்தது. தட்டையான புதுசு வந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே அதைக் கொடுத்துவிட்டோம். அத்தா ஊரோடு வந்து சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலைகளில் நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, அளந்து அளந்து, ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்காமல் அவர்கள் பேசிய பேச்சு இப்போது வீட்டில் இல்லை. போன வாரம் நான் போயிருந்தபோது, மின்விசிறியை எந்த வேகத்தில் வைப்பது என்று இரண்டு பேரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குறுக்கே போகாமல், நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.