குடம் வாங்கிய நூற்றுப் பன்னிரண்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. மூன்று மின்விசிறிகளில் ஒன்று மட்டும் சுற்றும். அதற்குக் கீழே ஒன்பது வருடமாக உட்கார்ந்து, மீனவப் பெண்களின் ரத்த அழுத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தவள் புஷ்பமேரி. அந்தப் பெண்கள் இருந்த குப்பம் தேவனாம்பட்டினத்துக்குப் பக்கம்தான். சைக்கிளை மிதித்தால்கூடப் போய்விடலாம். அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. வீடு வீடாகப் போய் அளப்பதற்கு வருடா வருடம் புதிதாக நர்சிங் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். புஷ்பமேரி ஆபீஸ்.

போகாவிட்டால் என்ன, எல்லோரையும் தனக்குத் தெரியும் என்றே அவள் நினைத்திருந்தாள். நாற்பத்தேழாம் நம்பருக்குக் கருவாட்டுக் காலத்தில் அளந்தால் பிரஷர் எகிறும். எண்பத்தொன்று மாத்திரையை ஒழுங்காகப் போடாது. நம்பர்களைச் சொந்தக்காரர்கள் மாதிரித் திட்டுவாள், மெச்சுவாள். வீட்டிலும் அதே பேச்சு. “இன்னிக்கு யாரு நல்லாயிருக்கா?” என்று கணவர் கிண்டலாகக் கேட்டால் மெனக்கெட்டுப் பதில் வேறு சொல்வாள்.

அவள் வேலை பார்த்த அறக்கட்டளையின் ஏற்பாடு எளிமையானது. பிரஷர் இருக்கும் பெண்ணுக்கு ஒரு கார்டு, அதில் பெயரும் நம்பரும். கார்டைக் காட்டினால் மாதாமாதம் முகாமில் மாத்திரை. வருடத்துக்கு ஒருமுறை கையை நீட்டி அளக்கக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மாத்திரை நின்றுவிடும். வருகிற அளவுகளைக் கூட்டி வகுத்துச் சராசரி போடுவது புஷ்பமேரி. சராசரி வருடா வருடம் இறங்கியது. இயக்குநர் டேவிட் ராஜ் சராசரி இறங்கும் வரைபடக் கோட்டைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். குப்பம் குணமாகிவிட்டது, இனி முகாமை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போகலாம் என்பது அவர் முடிவு. அதற்கான அறிக்கையை எழுத வேண்டியவளும் புஷ்பமேரிதான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. யாருக்குப் பிரஷர் அதிகமாக இறங்கியதோ அவருக்கு ஆண்டு விழாவில் பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம். தேர்ந்தெடுப்பது அவள். நான்கு வருடத்துக்கு முன் குடம் வாங்கியது நூற்றுப் பன்னிரண்டு, வேலம்மாள், வயது அறுபத்தொன்று. நூற்றெண்பதில் இருந்தவர் ஒரே வருடத்தில் நூற்றுப் பதினாறுக்கு வந்துவிட்டார். உடம்பு சரியில்லை என்று மருமகள் வந்து குடத்தை வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். முகம் தெரியாத அந்த வேலம்மாளுக்காகப் புஷ்பமேரி அந்த வாரம் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

இந்த நேரத்தில்தான் சிதம்பரம் வகுப்பு வந்து சேர்ந்தது. அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்கிறவர்கள், ஆபீசில் யாராவது ஒருவர் முறையாகப் படித்துவிட்டு அறிக்கை எழுதட்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஆட்களை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்த கணக்கை எப்படி அலசுவது என்பதற்குச் சனிக்கிழமை வகுப்பு. ஆபீசில் மற்றவர்கள் நழுவிவிட, நாற்பத்து மூன்று வயதில் புஷ்பமேரி லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினாள். வகுப்பில் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். பாடம் எடுத்த ஜோதிலட்சுமிக்கே முப்பது தாண்டியிருக்காது. முதல் இரண்டு வாரம் புஷ்பமேரிக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. பலகை நிறைய கிரேக்க எழுத்து. பைபிள் படித்த பழக்கத்தில் ஆல்பா ஒமேகா மட்டும் தெரியும், நடுவில் இருப்பதெல்லாம் இருட்டு.

மூன்றாவது வாரம் ஜோதிலட்சுமி சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

“கடலூர்லேருந்து பஸ்ல வர்றீங்க. ஆலப்பாக்கத்துல பெரியவங்க நாலு பேரு எறங்குறாங்க, காலேஜ் பசங்க நாலு பேரு ஏறுறாங்க. பஸ்ஸோட சராசரி வயசு கொறஞ்சிடும். அதுக்காக யாருக்காச்சும் வயசு கொறஞ்சிச்சா? அதனால சராசரி போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா கோடு போட்டுப் பாருங்க.”

புஷ்பமேரி போட்டுப் பார்த்தாள். திரையில் நூல்கண்டு சிக்கிக்கொண்ட மாதிரி ஒரே கோடு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரும்பாலான கோடுகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. மெதுவாகத்தான், ஆனால் ஏறின. ஒன்பது வருடமாக இறங்குகிறது இறங்குகிறது என்று அவள் சொல்லிவந்த ஊர் ஏறிக்கொண்டிருந்தது. சில கோடுகள் மட்டும் கிணற்றில் விழுந்த மாதிரி ஒரே வருடத்தில் செங்குத்தாக விழுந்தன. சராசரியை இழுத்துக் கீழே கொண்டுவந்தது அவைதான்.

பின்னால் வந்து நின்ற ஜோதிலட்சுமி, அந்தச் சில பேர் யார் என்று கேட்டாள். எங்களிடம் குடம் வாங்கியவர்கள் அவர்களில்தான் இருக்கிறார்கள் என்றாள் புஷ்பமேரி. குரலில் பாதி பெருமை இன்னும் மிச்சமிருந்தது.

“மாத்திரை போட்டா எறங்கும்தான். ஆனா ஒடம்பு இப்படி விழாதுங்கக்கா. நேர்ல போய் ஒருத்தரையாவது பாத்துட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே குப்பத்துக்குப் போனாள். நூற்றுப் பன்னிரண்டைப் பார்க்கப் போகிறோம் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கால் கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் ஒரு பெண் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். வேலம்மாளைப் பார்க்க வேண்டும் என்றதும் அந்தப் பெண் கதவை ஒருக்களித்து உள்ளே காட்டினாள்.

சுவரில் மாலை போட்ட படம். படத்துக்குக் கீழே ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் குடம். அதில் ‘வேலம்மாள்’ என்று வெட்டியிருந்தது.

புஷ்பமேரிக்கு ஆப்பிள் பையை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. எப்போது என்று கேட்டாள். அஞ்சு வருஷம் ஆகப்போகுது, விடியக்காலையில் வாந்தி எடுத்தாங்க, ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, பாண்டிச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோற வழியிலேயே போயிட்டாங்க என்று அந்தப் பெண் சாதாரணமாகச் சொன்னாள்.

“அப்ப வருஷா வருஷம் அளக்கக் கைய நீட்டுனது யாரும்மா?”

“நான்தாங்க்கா. ரேஷன் கார்டு மாதிரி இதுவும் வூட்டுக் கார்டுதான? ஆளு போனா கார்டு போயிடுமா? எங்க மாமாவுக்கும் பிரஷர் இருக்குது. ஆம்பளைக்குக் கார்டு கெடையாதுன்னுட்டாங்க. அத்த மாத்திரையத்தான் அவுரு போடுறாரு. கைய நீட்டலன்னா நிறுத்திடுவாங்களே, அதான் நான் நீட்டுறேன்.”

இங்கே கார்டுக்காரர் செத்துப்போன எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் எந்தத் தப்பும் செய்த சாயல் இல்லை. தப்பும் இல்லைதான். மாமனாருக்கு மாத்திரை வேண்டும், கார்டு இருந்தது, கை இருந்தது. அளக்க வந்த பிள்ளைகள் வருடா வருடம் புதுசு, பெயரைக் கேட்டு அளவை மட்டும் எழுதிப் போனார்கள். வயதை யாரும் கேட்க வேண்டியதில்லை, வருடத்துக்கு ஒன்று தானாகக் கூடும்படி கம்ப்யூட்டரில் ஏற்பாடு செய்து வைத்திருந்தவளே புஷ்பமேரி. செத்துப்போன வேலம்மாளுக்கு அவள் கையாலேயே வயது ஏறிக்கொண்டிருந்தது. போதாதென்று செத்ததற்குக் குடம் வேறு கொடுத்தாயிற்று. பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான், மெழுகுவர்த்தி ஏற்றியது நினைவுக்கு வந்து அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை காலை டேவிட் ராஜ் அறிக்கை எங்கே என்று கேட்டார். புஷ்பமேரி நடந்ததைச் சொன்னாள். மனிதர் சுவரில் தொங்கிய கோட்டையே பேயறைந்த மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, முகாமை மூடும் பேச்சு இப்போதைக்கு வேண்டாம் என்று மெல்லச் சொன்னார். அத்தோடு விட்டிருந்தால் புஷ்பமேரி வெட்கத்தோடு தப்பித்திருப்பாள். ஆனால் கணக்கைச் சரிசெய்ய வேண்டுமே. வேலம்மாளின் கோட்டை அவர் இறந்த வருடத்தோடு வெட்டினாள். மிச்சமிருந்ததை வேறொரு ஆளாக, வேறொரு கோடாகப் போட்டாள்.

போட்டவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

நூற்றுப் பதினாறு. அடுத்த வருடம் நூற்று இருபத்தெட்டு. அப்புறம் நூற்று நாற்பத்தொன்று. போன வருடம் நூற்று ஐம்பத்தேழு. அறுபது தாண்டிய வேலம்மாளின் நூற்றெண்பதுக்குப் பக்கத்தில் வைத்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை, ‘நல்ல கட்டுப்பாடு’ என்று அவளே பச்சை நிறம் தீட்டியிருந்தாள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் கோடாகப் பார்த்தால் அது ஏணி. அத்தை ஏறிப்போன அதே ஏணி. அந்த வீட்டில் மாத்திரை மாமனாருக்குப் போகிறது, கை மட்டும் அவளுடையது. நாலு வருடமாக அந்தக் கை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, இவள் அதைச் செத்தவர் பெயரில் பதிந்துவிட்டுப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

புஷ்பமேரி பிரஷர் மிஷினோடு ஒரு நர்சிங் மாணவியை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினாள். அந்தப் பெண் இருந்தாள். மீன் அலசிக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமல் பழக்கப்படி உட்கார்ந்து கையை நீட்டினாள். தலைவலி உண்டா என்று புஷ்பமேரி விசாரித்தாள். அப்பப்ப வரும், வெயில்தான் என்றாள். மிஷின் இரண்டு முறை இறுகித் தளர்ந்தது. இரண்டு முறையும் நூற்று எழுபதைத் தாண்டியது. மாணவி புஷ்பமேரியை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு எழுதுவதற்காகப் பெயர் கேட்டாள்.

“வேலம்மாள்” என்றாள் அந்தப் பெண்.

புஷ்பமேரி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். மீன் வாசனை அடிக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது அத்தையோட பேரும்மா. மாமாவுக்கு மாத்திரைய யாரும் நிறுத்த மாட்டாங்க, அதுக்கு நானாச்சு. ஒன் பேரச் சொல்லு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

அவள் ஒரு நிமிடம் மாலை போட்ட படத்தைப் பார்த்தாள்.

“சரண்யாங்க்கா” என்றாள்.

மாணவி அதை எழுதிக்கொண்டாள்.