நொதியும் நானும் தண்ணீர்ப் பந்தலும்

தைப்பூசத்துக்கு மறுநாள், பினாங்குத் தீவிலிருந்து தினமும் ஃபெரியில் கடல் தாண்டிப் போய்ப் பிறை என்ற ஊரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கழிப்பறையில், சிறுநீர் சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை. முந்தின நாள் முழுக்கத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத் தண்ணீர்ப் பந்தலில் நின்று பக்தர்களுக்கு ரோஸ் சிராப் (சர்க்கரைப் பாகு பானம்) ஊற்றியவன், ஊற்றியது போக மிச்சத்தையெல்லாம் தானே குடித்தவன் நான். சிராப்தான் இறங்குகிறது என்று தனியே சிரித்துக்கொண்டேன். பந்தலைப் பிரித்து ஒரு மாதமான பிறகும் சிவப்பு வந்தது. என் மனைவி சரசுதான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வலிக்காத இரத்தத்தை நம்பாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இப்படித்தான் வந்தது.

சிறுநீர்ப்பைக்குள் குழாய் வழியே விளக்கை விட்டுப் பார்த்தார்கள். புற்று, பையின் தசைவரை இறங்கியிருந்தது. பையையே எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். குடலில் ஒரு துண்டை எடுத்து, சிறுநீர் வெளியே வர வயிற்றோரம் ஒரு வாய் திறந்து, அதன்மேல் ஒரு பை ஒட்டுவார்களாம்.

முடியாது என்றேன். மூத்திரப் பையைக் கட்டிக்கொண்டு பந்தலில் நிற்கிறவன் கையால் யார் வாங்கிக் குடிப்பார்கள்? வருடத்தில் அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் மற்ற நாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

“சரி அங்கிள், முதல்ல மருந்து குடுத்துச் சுருக்கிப் பாப்போம். சுருங்கினாலும் ஆபரேஷனைப் பத்திப் பேசத்தான் வேணும்,” என்றார். பின்பாதி என் காதில் ஏறவே இல்லை.

நான்கு மருந்துகள். டிரிப் ஏறும் நாள்களில் நான் கட்டிலில் இருந்ததாக நினைவில்லை. மின்விசிறி சுழலச் சுழலக் கூரை தண்ணீராகிவிடும். ஃபெரி நடுக்கடலில் நின்றுவிட்டது, எல்லாரும் எப்படியோ இறங்கிப் போய்விட்டார்கள், நான் மட்டும் மேல்தட்டில் படுத்திருக்கிறேன் என்று தோன்றும். சரசு நெற்றியில் கை வைப்பாள். அது இன்றா, போன வாரமா, தெரியாது. வாயெல்லாம் புண். ஆனாலும் அந்த மிதப்பு எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

படமெடுத்துப் பார்த்தபோது கட்டி சுருங்கவில்லை. வளர்ந்திருந்தது.

டாக்டர் தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். உயிரணு பெருக ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும். அதைப் பயன்படும்படி மாற்றித் தருவது ஒரு நொதி (உடலுக்குள் வேதிமாற்றங்களை நடத்தும் புரதம்). அதன் முழுப்பெயர் ஈப்போவுக்குப் போகிற ரயிலைவிட நீளம். என் மருந்துகளில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட்டின் வேலை, அந்த நொதியை முடக்குவது.

“நாம ஒரு கேட்டை அடைக்கிறோம் அங்கிள். தப்பிச்ச செல்லு அதே மாதிரி நிறைய கேட் கட்டிக்கிது. எல்லாத்தையும் அடைக்க மருந்து பத்தாது. கூட்டிக் குடுத்தா உங்க உடம்பு தாங்காது. இங்க டெஸ்ட் பண்ணிப் பாக்க வசதி இல்ல, ஆனா இதுதான் நடந்திருக்கும்னு நினைக்கிறேன். மத்த மருந்துக்கும் அது வேற வழி வச்சிருக்கும்.”

சரசு மெல்லக் கேட்டாள். “இவருக்கு டெய்லி முருங்கைக்கீரை சூப் வச்சுக் குடுத்தேன் டாக்டர். கீரையில அந்த வைட்டமின் இருக்கா? நான்தான் அதுக்குத் தீனி போட்டேனா?”

“இல்ல ஆண்டி. கீரைமேல பழி போடாதீங்க. இது அந்த செல்லோட வேலை.”

சரசு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு நிமிடத்தில் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டிருந்தாள் பாருங்கள். நான் செத்துப்போனால் இவள் காலமெல்லாம் அந்தச் சூப்பை நினைத்தே அழுவாள். இவளை அப்படி விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

“எடுத்துடுங்க டாக்டர்,” என்றேன்.

அறுவைக்குப் பிறகு எனக்குச் சிறுநீர் முட்டுவதில்லை. ஒரு நாளைத் துண்டு துண்டாக நறுக்கித் தந்தது அந்த முட்டல்தான் என்பது அது போன பிறகே தெரிந்தது. இப்போது நேரம் என்னைக் கேட்காமல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சுங்கை பினாங் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், மதியம் எப்போது சாயங்காலமாயிற்று என்று சரசுவைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்த தைப்பூசம் வந்தது. பந்தலை நடத்துகிற முனியாண்டி அண்ணன் சுத்த விஷயத்தில் கறாரானவர். கை கழுவாமல் அண்டாவைத் தொட்டால் ஊரே கேட்கத் திட்டுவார். வந்தவர்கள் எல்லாரும் குடித்த பிறகுதான் அவர் வாய் நனைப்பார். சரசு அவரிடம் என் நிலைமையை ஒளிக்காமல் சொல்லியிருந்தாள். நான் பின்பக்கம் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“அங்க என்ன பண்ற தம்பி? முன்னால வா லா.”

“அண்ணே, சட்டைக்குள்ள பை இருக்கு.”

“தெரியும். எனக்கும்தான் இருக்கு. உள்ளுக்குள்ள இருக்கு, அவ்வளவுதான்.”

மோர் அண்டாவின் முன் என்னை நிறுத்தி, தன் தம்ளரை முதல் ஆளாக நீட்டினார். தம்ளர் நிரம்பிக் கொஞ்சம் அவர் விரல்களில் வழிந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினார். அவருக்குப் பின்னால் வெயிலில் வரிசை நீண்டிருந்தது. வயிற்றோரம் பை இளஞ்சூடாக நிறைந்துகொண்டிருந்தது. நான் ஊற்றினேன்.