கிருத்திகையன்று இறங்கிய பெட்டி

திருத்தணி மலைக்குக் கீழே, ஆர்.கே.பேட்டை சாலையோரம், ஜெகதாம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து பலூனில் அனுப்பிய பெட்டி காற்றில் திசை மாறி இவருடைய வேர்க்கடலைக் கொல்லையில் விழுந்திருக்கிறது. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக நாற்பது பிளாஸ்டிக் தகடுகள். விண்வெளியிலிருந்து வரும் கனமான அணுக்கருக்கள் அவற்றைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும். அந்தத் தடங்களை மேலிருந்து கீழாக, வரிசை மாறாமல் படித்தால்தான் வந்தது இரும்பா, அதைவிடக் கனமானதா, எப்படிப்பட்ட நட்சத்திரத்தில் பிறந்தது என்று தேட முடியும்.

"கிருத்திகை அன்னிக்கு மேலருந்து எறங்கிச்சு சார். சும்மா வச்சிக்கினு இருக்க முடியுங்களா? பாலாபிஷேகம் பண்ணி, வூட்டுக்கு ஒரு தகடா பூஜையில வைக்கக் குடுத்துட்டோம்."

"மூலையில நம்பர் எழுதியிருந்துச்சேம்மா?"

"ஆங், இருந்துச்சுங்க. சாமிக்கு வைக்கிறதுல மைக்கறை இருக்கலாமா? சீயக்கா போட்டு நானே தேய்ச்சு எடுத்துட்டேன்."

ஆறு வருட வேலை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, சந்தனப் பொட்டு வைத்த தகடுகளை என் முன்னால் பத்திரமாக அடுக்குகிறார்கள். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"ஒண்ணுகூட கொறையாது சார், எண்ணிப் பாத்துக்கோங்க" என்கிறார் ஜெகதாம்மாள்.

எண்ணுகிறேன். நாற்பதும் இருக்கின்றன.